இரண்டு புள்ளி நான்கு

தஞ்சோங் புங்காவில் பதினாறு மாடிக் கொண்டோ.
குளத்தை இறைத்து முடிக்கவே ஒன்றரை நாள்.
அடியில் கிடந்தவை:
ஒற்றைத் தோடு, ஐம்பது சென் காசு ஏழு,
யாருடைய குதிகாலிலிருந்தோ உரிந்த பிளாஸ்திரி,
ஒரு பல்.
பல்லை ஜாகா கொட்டகை மேசையில் வைத்தோம்.
கேட்டு யாரும் வரவில்லை.

நீலத்தைச் சுரண்டினால் இன்னொரு நீலம்.
அதன் கீழே பச்சை.
அதற்கும் கீழே
யாரோ அவசரத்தில் இழுத்த வெள்ளை, தூரிகை மயிரோடு.
பிறகுதான் சிமெண்டு,
குளித்துத் துவட்டாத யானையின் முதுகு.
அமிலம் பட்டதும் அது நுரைத்தது,
பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிகிற சத்தத்தில்.

காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டு அறிய முடியாது.
ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைத்
தரையில் விரித்து நான்கு ஓரமும் ஒட்டிவிட்டுப் போவேன்.
விடிந்ததும் உள்பக்கம் வியர்த்திருந்தால்
அன்றைக்கு வேலை இல்லை.
ஐந்து நாள் வியர்த்தது.
ஐந்து நாளும் மிஸ் ஊய் விளிம்பில் நின்று கேட்டார்,
பார்த்தா காய்ஞ்சுதானே இருக்கு?

பார்த்தால் எல்லாமே காய்ந்துதான் இருக்கும், மிஸ்.

ஆறாம் நாள் தாள் சுத்தமாக இருந்தது.
நாலு மணிக்கு மழை.
வாளியோடு இறங்கினோம்,
நானும் புவனேந்திரனும் ரஃபிக்குலும்,
திட்டுவதற்கு மூன்று மொழி இருந்தது எங்களிடம்.

எனக்கு நீந்தத் தெரியாது.
பதினோரு வருடமாகக் குளங்களின் அடியில் நிற்கிறேன்.
தலைக்கு மேலே ஓர் இடம் வரும்,
இந்நேரம் தண்ணீர் இருந்தால் இங்கே முடிந்திருப்பேன் என்று.
அங்கே வைத்துத்தான் ரொட்டி சானாய் தின்போம்.
நிழல் அங்கேதான்.

கமிட்டி ஓட்டுப் போட்டுத் தேர்ந்த நிறம் மாலத்தீவு நீலம்.
சாலைக்கு அந்தப் பக்கம் கடல்,
பால் கூடிப்போன தே தாரிக் நிறத்தில்,
யாரும் ஓட்டுப் போடாமல் கிடந்தது.

எபாக்சியை இரண்டு டின்னிலிருந்து கலக்க வேண்டும்.
கலந்த பிறகு நாற்பது நிமிடம் என்று மூடியில் போட்டிருக்கும்.
மூடியை எழுதியவன் பினாங்கு வெயிலில் நின்றதில்லை.
இருபத்தைந்துதான்.
பேச்சு கிடையாது, போன் எடுப்பது கிடையாது,
ஆழத்தில் தொடங்கிப்
பின்வாங்கிப் பின்வாங்கி மேடேற வேண்டும்.
பூசியவன் பூசியதைப் பார்த்தபடியேதான்
வெளியே வர முடியும்.

கடைசியாக எண்கள்.
ரஃபிக்குல் டேப் ஒட்டிச் சதுரம் கட்டி
ஆழத்துத் தரையில் கறுப்பில் அடித்தான்: 2.4.
முட்டி போட்டபடி கொஞ்ச நேரம் பார்த்தான்.
அவன் போலாத் தீவுக்காரன். வீடு இருந்த இடம்
இப்போது ஆற்றிடம் இருக்கிறது.
அக்கா, எங்க வீட்டு மேல
இதவிட நிறைய தண்ணி, என்றான்.
டேப்பை உரித்தான்.
பெயிண்ட் காயும் முன்னே உரித்துவிட வேண்டும்,
இல்லையென்றால் ஓரம் கிழியும்.

ஏழு நாள் ஆற விட்டு
இரண்டு குழாயில் தண்ணீர் விட்டோம்.
கணுக்கால் அளவில் இன்னும் பெயிண்ட் நிறம்,
இடுப்பளவில்தான் அது தண்ணீரின் நிறமானது.
கைப்பிடியில் பலகையைத் திரும்ப மாட்டினார்கள்:
வேலையாட்கள் குளத்தில் இறங்கக் கூடாது.

பத்து சதவீதப் பாக்கி இன்னும் வரவில்லை.
நேற்று மிஸ் ஊய் கூப்பிட்டார்.
ஒன்பதாம் மாடியில் புகார்,
அந்த நாலு சாய்ந்திருக்கிறதாம்.

போய் நின்றேன்.
ஒரு பையன் குதித்துவிட்டு அப்போதுதான் ஏறியிருந்தான்.
அடியில் இரண்டு நெளிந்தது, புள்ளி ஓடியது,
நாலு படுத்து எழுந்து மறுபடி படுத்தது.
தண்ணி ஆடுது மிஸ், நாலு நேராத்தான் இருக்கு என்றேன்.
ஆடுவது நிற்கட்டும் என்றார்.
நின்றோம்.
இன்னொரு பிள்ளை குதித்தது.

ரஃபிக்குல் இப்போது கூலிமில்,
வேறு தௌகேயிடம்.
கீழே போய்ப் பார்த்துச் சொல்ல
எனக்கு நீந்தத் தெரியாது.