கச்சானின் எடை

ஆறு கிழமையாகப் பெற்றோலைத்தான் திட்டினேன்.
பிளக் மாற்றினேன், பம்ப் மாற்றினேன்.
அனுராதபுரச் சந்தி நடுவில்
விக்கி விக்கி நின்றது கார்.
பின்னால் ஹோர்ன்கள்.
முன்னால், அவசரமே இல்லாத மூன்று மான்கள்.

ரிப்னாஸ் பொனட்டைத் திறந்தான்.
காற்றுக்குழாயின் மேலிருந்த ஒரு வயரைக் கழற்றினான்.
"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."
நாக்கை அறுத்ததும் ஓடியது!
"பொய்க்கணக்குச் சொல்றவன் வாய மூடினா
எஞ்சின் தானா மட்டுக்கட்டும்.
ஆனா, நெடுகப் போகாது."

இரண்டே திருகாணி.
உள்ளே, முடியைவிட மெல்லிய கம்பி
சூடேறி நின்று
கடந்துபோகும் காற்றை நிறுக்குமாம்.
அதில் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும்.

வாடை, சோளகம், கச்சான்:
காற்றுக்குப் பெயர் வைத்த ஊர் இது.
எடை கேட்டவர் எவருமில்லை.

பஞ்சிகாவத்தையில் எந்தக் காரிலோ கழற்றிய சென்சர்
இரவு பஸ்ஸில் வந்தது,
பிஸ்கட் பெட்டிக்குள்.

பூட்டிக்கொண்டு உப்புவெளிவரை ஓட்டினேன்.
கச்சான் பக்கவாட்டில் அறைந்தது;
எஞ்சின் ஒரு கிராமும் பிசகவில்லை.

பழையது டாஷ்போர்டில் உருள்கிறது.
திறந்த ஜன்னலால் வரும் காற்று
அதற்குள்ளாலும் போகிறது.
அது சொல்வதை
இனி ஆரும் கேட்பதில்லை.