மணியடிப்பவனின் பங்கு

எங்கள் பள்ளிக்கு மணி கிடையாது.
பழைய லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம்
பாவோபாப் கிளையில் தொங்குகிறது.
அடிக்கிற கம்பி என்னிடம்.
லாத்திர் ஃபாய், ஆறாம் வகுப்பு,
பள்ளிக்கூடக் கைக்கடிகாரம் கட்டியவன்.

பத்து மணிக்கு அடிக்க வேண்டும்,
பத்தேகாலுக்கு மறுபடி.
நடுவில் இருப்பது எல்லோருக்கும் பதினைந்து நிமிடம்,
எனக்குப் பன்னிரண்டு.
அடித்துவிட்டு, கம்பியோடு
நான் வாசலுக்கு வந்து சேரும்போது
சீகா அக்காவின் வாணலியைச் சுற்றி
முழங்கைகள் மட்டுமே தெரியும்.

வாசனை ஒன்பதரைக்கே வந்துவிடும்,
அதைச் சொல்ல மறந்தேன்.
முசியே திங் பின்னம் நடத்திக்கொண்டிருப்பார்.
முக்காலில் பாதி எவ்வளவு?
ஃபாத்திக்கின் உப்புநிலத்துக் காற்று
எண்ணெயையும் வெங்காயத்தையும் தூக்கிவந்து
கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தும்.
அவர் மூக்கும் ஒரு கணம் திரும்பும்.
பார்த்திருக்கிறேன்.

அக்கரா.
ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்த காராமணி.
கரண்டியால் வழித்துப் போட்டால்
மூழ்கும், யோசிக்கும், மிதந்து வரும்.
மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு,
பஞ்சுக்குள்
நாக்கைச் சுடவென்றே காத்திருக்கும் ஆவி.
முதுகில் குழந்தை தூங்க,
ரேடியோவில் மல்யுத்தக்காரன் ஒருவன் மண்ணைக் கவ்வ,
அக்கா ரொட்டியைப் பிளந்து நான்கு உருண்டை வைத்து
கட்டைவிரலால் ஓர் அழுத்து.
அந்தச் சத்தத்துக்கே ஐம்பது ஃபிராங்க் கொடுக்கலாம்.
பிறகு மிளகாய்ச் சாறு.
"கொஞ்சமா ஊத்தவா, அழுற அளவுக்கா?"
அழுற அளவுக்கு என்போம்.
பின்னால் பெண்கள் நிற்கும்போது வேறென்ன சொல்வது?

தீபோர் வெறும் ரொட்டியை முதலில் தின்பாள்,
உருண்டைகளைச் சட்டைப்பையில் வைப்பாள்,
மூன்றாம் பாடவேளையில் அவள் பை மட்டும் ஒளிரும்,
எண்ணெயால்.
யேரோவிடம் காசிருக்காது. கோல் காப்பான்.
தடுத்த பந்துக்கு ஒரு கடி, அதுதான் விலை.
நேற்று ஒன்பது கடி வாங்கினான்,
இரண்டு பொய்க்கணக்கு.

போன செவ்வாய் மழை.
விறகு நனைந்திருந்தது,
அக்கா ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றாள்.
எண்ணெய் அசையவே இல்லை.
பத்து பத்து. பத்து பன்னிரண்டு.
பத்து பதிமூன்றுக்குத்தான்
முதல் உருண்டையைச் சுற்றி ஒரு குமிழி எழுந்தது.
பார்த்தோம்.
பிறகு அறுபது பேரின் கண்ணும்
வாணலியிலிருந்து என் கம்பிக்கு வந்தது.

இதுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை,
என் அம்மாகூட.

குனிந்து செருப்புக்குக் கயிறு கட்டினேன்.
என் செருப்பில் கயிறே இல்லை.
இருந்தாலும் நிதானமாக,
முதலில் இடதுகால், பிறகு வலது.
நிமிர்ந்தபோது பத்து பதினெட்டு.
தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி
ஒரு ரொட்டி என்னை நோக்கி வந்தது.
முதல் ரொட்டி!
பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து
நான் கடைசி ஈட்டையே தின்றவன்,
தீய்ந்த துணுக்குகளோடு.

பின்னால் ஒரு செருமல்.
முசியே திங்.
உள்ளங்கையில் ஒரு நாணயம்.
தன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார்.
"மெதுவா ஓடுதோ?"
வாய் நிறைய இருந்ததால் தலையை ஆட்டினேன்.
"எனக்கும்தான்" என்று சொல்லி
யேரோவுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

விழுங்கி முடித்துத்தான் அடித்தேன்.
வழுக்கியது கம்பி, அடி சரியாக விழவில்லை.
யாரோ தும்மியதுபோல் ஒரு மணி.
சிரித்துக்கொண்டே வகுப்புக்கு ஓடினார்கள்.

மறுநாள் காலை அலுவலக ஜன்னலில்
கம்பியை எடுக்கப் போனேன்.
அதன்மேல் எறும்புகள்,
ஒன்றன்பின் ஒன்றாக,
யாரும் யாரையும் இடிக்காமல்.