மேல்செட்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
மாடியில் ஒற்றை அறை, என் பல் லேப்.
நாளொன்றுக்கு நாலு வாய்க்குச்
சிரிப்பு செய்து அனுப்புகிறேன்.
பல்லைப் பற்றி எனக்குத் தெரியாதது
அதிகமில்லை என்றிருந்தேன்,

மிளகு வரும்வரை.

நல்லமிளகுபோலக் கறுத்த குட்டி.
திக்குறிச்சி ஆற்றங்கரையில் சாக்குக்குள் கிடந்தது.
முதல் வாரம் செருப்பு.
அடுத்தது ரிமோட், அதிலும்
சத்தம் கூட்டும் பொத்தான் மட்டும்.
பிறகு சோபாவின் வலது கை,
கரண்ட் பில், குடைக்காம்பு,
மஸ்கட்டிலிருந்து ஷைனி அனுப்பிய விரிப்பில்
ஒட்டகத்தின் தலை.

வேப்பெண்ணெய் தடவினேன்.
நக்கிவிட்டுக் கடித்தது.
மிளகாய்ப்பொடி தூவினேன்.
தும்மிவிட்டுக் கடித்தது.
சாயங்காலம் கதவைத் திறந்ததும்
பஞ்சுக் குவியலை அதன் மூக்கருகே நீட்டி
நான் போட்ட கூப்பாட்டில்
பக்கத்து வீட்டு கிளீற்றஸ் எட்டிப் பார்த்தான்.
காதைத் தாழ்த்தி, வாலை ஒளித்து,
தரையோடு தரையாய்க் கிடந்தது மிளகு.
"செய்தது தப்புன்னு தெரியுது பாரு" என்றேன் அவனிடம்.
தெரிந்திருந்தால்
சோபாவின் இடது கை மறுநாள் மிஞ்சியிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை
லேப்பில் கரண்ட் போய்விட்டதென்று
ஆட்டோ ராஜையனின் மேல்செட்டைக்
கையால் மெருகேற்ற வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
பதினாலு பல். பாதி முன்பணம்.
ஞாயிறு அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம்.
குளித்துவிட்டு வருவதற்குள்
பல்லைப் பல் தின்றிருந்தது.

கை ஓங்கினேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது,
பிளந்த ரோஸ் நிற ஈறில்
நான் செய்யாத ஒரு பல்.
அரிசியளவு. ஊசிமுனை. அடியில் துளி ரத்தம்.

உதட்டை விலக்கிப் பார்த்தேன், முதல்முறையாக.
ஊரார் வாயையெல்லாம் அச்செடுக்கிறவன்
வீட்டில் ஒரு வாய்
நாலு மாதமாய்ப் பல் மாற்றிக்கொண்டிருப்பதைக்
காணவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குழித்துறையில்
மிருக டாக்டரம்மா
அதன் வாயை ஒரு நொடி பார்த்தார்,
என்னை நிறைய நேரம்.
"எத்தனை மணிநேரம் தனியா கிடக்கு?"
பத்து.
"அந்தப் பத்து மணிநேரமும் அதுக்கு என்ன சோலி?"
என்னிடம் பதில் இல்லை.
"நீங்க வந்து சத்தம் போடும்போது
கடிச்சதெல்லாம் அதுக்கு மறந்துபோயிருக்கும்.
உங்க மூஞ்சியப் பார்த்துத்தான் பதுங்குது."

இப்போது ஆறு மணிக்கு ஆற்றங்கரை.
அதன் மூக்கு நிற்கிற இடமெல்லாம் நானும் நிற்கிறேன்.
மதியம் கிளீற்றஸ் கதவு திறந்து
பந்து உருட்டிவிட்டுப் போவான்.
கூலி, ஏத்தம்பழ பஜ்ஜி இரண்டு.
கெட்டி ரப்பர் குழலுக்குள்
அவித்த மரச்சீனியை அப்பி வைக்கிறேன்,
நாக்குக்கு ஒரு மணிநேரச் சோலி.
செருப்பு அலமாரி உச்சியில்.
அது எனக்கான பயிற்சி, இன்னும் மறக்கிறேன்.
ஆகாததைக் கவ்வினால் பிடுங்குவதில்லை,
கிழங்குத் துண்டை நீட்டி "விடு" என்கிறேன்.
விட்டால், "கொள்ளாம்."

போன வாரம் நான் இரண்டு மணிநேரம் பிந்தினேன்.
மேசைக்காலில் புதிதாய் நாலு வரி.
வாசித்துவிட்டுப் பேசாமல் கூட்டினேன்.
ஒட்டகத்தின் சங்கதி
ஷைனிக்கு இன்னும் தெரியாது.
விரிப்பை அந்தப் பக்கம் மடித்து வைத்துத்தான்
வீடியோ காலில் பேசுகிறேன்.

அந்த வெள்ளி ராத்திரி மட்டும்
திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.
ராஜையனின் பற்களை மறுபடி
ஒவ்வொன்றாய் மெழுகில் நட்டுக்கொண்டிருந்தேன்.
பழைய துவர்த்தை நனைத்து, முறுக்கி,
ஃப்ரீசரில் சாளைப் பொட்டலத்தின்மேல்
விறைக்க வைத்து எடுத்துக் கொடுத்தேன்.
மேசைக்கு மேலே என் கத்தி சுரண்டியது.
மேசைக்குக் கீழே அதன் பல்.
இருவருக்கும் ஒரே தொழில் என்பதுபோல
நெடுநேரம் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யவில்லை.

பன்னிரண்டாவது பல்லில்
கீழே சத்தம் நின்றது.
குனியவில்லை.
வலது பாதத்தின்மேல் சூடாய் ஒரு தாடை,
அதன் பக்கத்தில்
உருகிக்கொண்டிருந்தது துவர்த்து.