விலாசம்

காரைக்குடித் தபாலாபீஸ் ஜன்னலுக்குள்ளிருந்து
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:
“செத்துப்போன சிப்பாய் ஒங்களுக்கு என்ன வேணும்?”

அவர் கையில் பட்டாளத்துக் காகிதம்.
எட்டு ரூபாய், மாதாமாதம்.
எனக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர்.

நீ வந்த அன்றும் இப்படித்தான் வாய் வரவில்லை.
நாற்பத்திரண்டு, ஆனி மாசம்.
பள்ளத்தூர் வீட்டு முகப்பில்
முழங்கால் வரை சேறு காய்ந்த ஒரு பையன்.
பர்மாக்கார மூஞ்சி, எங்கள் வீட்டுக் காது.
இடுப்புத்துணியை அவிழ்த்து
இரும்புப்பெட்டிச் சாவிகளை எடுத்து வைத்தாய்.
“அப்பச்சி டாமுவுக்கு இந்தப் பக்கம் போயிட்டாக.
ஒம்பது நாள் முதுகுல தூக்கியாந்தேன்.
ஒவ்வொரு நாளும் லேசானாக.
பத்தாம் நாள் இறக்கி வச்சேன்.”

புருஷன் போனதையும்
புருஷனுக்கு நீ இருப்பதையும்
ஒரே மூச்சில் கேட்டவள் நான்.
எதற்கு முதலில் அழுவதென்று தெரியாமல்
சாவியை எண்ணினேன். மூன்று.

பட்டாலைத் தூண்கள் பதினாறும் உன் ஊர் மரம்.
கப்பலில் வந்தவற்றைச் சந்தனம் தடவி
உள்ளே நிறுத்தினார்கள்.
நடந்து வந்த உன்னை
இரண்டாம் கட்டோடு நிறுத்தினேன்.
நான்தான். பங்காளிகள் மேல் பழி போடலாம்;
போட்டும் பார்த்தேன்.

ஒன்பது கோயிலில் எந்தக் கோயிலிலும்
உனக்குப் புள்ளி இல்லை.
ஒரு தட்டு மட்டும் இருந்தது, விளிம்பு நசுங்கியது.
வேலையாட்களைப் போல நீயும் என்னை
ஆச்சி என்றாய்.
நான் உன்னை ‘இந்தா’ என்றேன்.

ஒரே ஒரு தரம் தொட்டேன்.
அட்டை கடித்த கால் புண் அழுகி
கட்டு முழுதும் நாறியது.
வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது
நீ காலை உதறினாய்.
“செத்த பொறு, இந்தா முடிஞ்சிருச்சு” என்றேன்.
முடியவில்லை. பதினோரு நாள் ஆனது.

திருச்சியில் ஆளெடுத்தார்கள்.
சுடத் தெரியுமா என்றதற்கு இல்லை என்றாயாம்.
பின்னே என்னதான் தெரியும் என்றதற்கு
“தூக்கத் தெரியும்.”
விலாசம் கேட்டிருக்கிறார்கள்.
தெருவும் ஊரும் கேட்டவர்களிடம் நீ
கடை விலாசத்தைச் சொல்லியிருக்கிறாய்,
கும.சித. என்று, பெயருக்கு முன்னால்,
யாரும் உனக்கு எழுதிக்கொடுக்காத எழுத்துகளை.

பட்டாளம் உன்னை
வந்த வழியே திருப்பி அனுப்பியது.
அதே டாமு ரோடு, அதே மழை.

உன்னோடு தூக்கிய சிம்மாசலம் என்ற தெலுங்குக்காரர்
யாரையோ கொண்டு எழுதிய கடிதம் வந்தது.
ஸ்ட்ரெச்சரின் முன்கைப்பிடி எப்போதும் உனக்குத்தானாம்.
சரிவில் இறங்கும்போது
பாரமெல்லாம் முன்னால்தான் விழுமாம்.
அன்று மூன்றாம் நடை. குண்டு பக்கத்தில் விழுந்தது.
படுத்திருந்த பஞ்சாபிப் பையன் பிழைத்துக்கொண்டான்.
அடியில் ஒரு வரி, மை மாறி:
காயக்காரர்கள் கத்தும்போதெல்லாம் உங்கள் பையன்
‘செத்தபொரு இந்தா முடிஞ்சிரிசி’ என்பான்.
அது என்ன மந்திரம்?
எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தால் தேவலை.

நான் பதில் போடவில்லை.

“ஆச்சி, கேக்குறேன்ல?”
பாரத்தில் இருந்தது இங்கிலீஷ்.
நீங்களே படியுங்கள் என்றேன்.
“சிகப்பி. தாய்.”

வரிசையில் யாரோ செருமினார்கள், எங்கள் ஊர்க்காரர்.
“அதான்” என்றேன்.
முழுசாய்ச் சொல்ல
அடுத்த மாதம் வரை பிடித்தது.

கணக்கப்பிள்ளை பேரேட்டை விரித்து
யார் பேரில் வரவு வைக்க என்கிறார்.
பியாப்பூனில் ஒருத்தி இருக்கிறாள்.
உயிரோடிருந்தால் இந்நேரம்
மீன் காயப்போட்டுக்கொண்டிருப்பாள்,
காக்காய் விரட்டிக்கொண்டு, பாதையைப் பார்த்துக்கொண்டு.
எட்டு மாசம் என் வீட்டில் சோறு தின்றாய்.
அவள் பெயரை நான் உன்னிடம் கேட்கவில்லை.