விரல்களின் வயது

விலையைக் கேட்கும் முன்
வயதைக் கேட்டாள் கிஸ்லான்,
முடிச்சுப் போட்ட விரல்களின் வயதை.

தஸ்னாக்த் சந்தையில் அன்று காற்று;
கயிற்றில் கம்பளங்கள் படபடத்தன.
"நாற்பத்து மூன்று" என்றாள் தூதா,
வெடித்த கட்டைவிரலை நீட்டி.
"இரண்டு மாதம் உட்கார்ந்தேன்.
கம்பளிக்குப் போக மிச்சம்தான் என் கூலி."

கிஸ்லானுக்கு அகதீரில் ஒற்றை அறை,
பாதி மாதத்தில் தீரும் சம்பளம்.
பெரியதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.
கட்டிலோரம் இரண்டு பாதம் நிற்கும்
அளவில் ஒன்று எடுத்தாள்.
பேரம் பேசவில்லை;
நாக்கு துடித்தது, அது வேறு.

வீட்டில் விரித்தபின்தான் பார்த்தாள்:
விலை அட்டையில்
'அம்மா தூதா' என்று கோணல்மாணலாய்,
ஓர் எழுத்தை அடித்துத் திருத்தி,
பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

இந்தக் கம்பளத்தில்
குழந்தையின் கை பட்டது
அவ்வளவுதான்.

மீதித் தரை
சில்லென்றே கிடக்கிறது.