தன்வினை பிறவினை

கழனிவாசல் மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்று
பால் பொங்கவில்லை.
விளக்கேற்றி, பானைக் கழுத்தில் மஞ்சள் கட்டி,
எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க
விளிம்புவரை வந்தது,
ஒரு நொடி யோசித்தது,
பிறகு உள்ளுக்குள்ளேயே உடைந்தது.

"பானையைச் சரியாக் கழுவல போல" என்றார் சேவுகன்.
புளி போட்டு அதைத் துலக்கியவள் நான்.
"பாக்கெட் பால் அப்படித்தான்" என்றார் கீழ்வீட்டு அழகம்மை
என் முகத்தைப் பார்க்காமல்.
நாத்தனார் ஒன்றுமே சொல்லவில்லை.
அதுதான் எனக்குச் சத்தமாகக் கேட்டது.

பிறகு மோட்டார் புகைந்தது. பால்.
சேவுகனுக்குத் திருவாடானைக்கு மாற்றல். பால்.
டியூஷனுக்கு வந்த ஒன்பது பிள்ளைகளில்
நாலு பேர் நின்றார்கள். அதுவும் பால்.
ஐப்பசியில், மூன்றாம் மாதத்தில்,
ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்
அதே ஆட்டோவில் திரும்பி வந்தோமே,
அதற்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.
சொல்லியிருக்கலாம்.
சண்டையாவது போட்டிருப்பேன்.

நேற்று எட்டாம் வகுப்புக்கு இலக்கணம்.
திருந்தினான், தன்வினை. திருத்தினான், பிறவினை.
உருண்டது, உருட்டினாள்.
"பால் திரிந்தது, டீச்சர்?" என்றான் கடைசி வரிசைப் பொடியன்.
தன்வினை என்றேன்.
"அப்ப பிறவினை?"
சாக்பீஸோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

இன்று காலை அர்ச்சுனனிடம்
இரண்டு லிட்டர் கறந்த பால் கேட்டேன்.
"என்னம்மா விசேஷம்?"
"திரிக்கப் போறேன்."
"காலங்காத்தால அப்படிச் சொல்லாதீங்க" என்று
சைக்கிளை ஓரடி பின்னுக்கு உருட்டினான்.

அதே அடுப்பு. அதே பானை.
பால் எழும்பி வந்தது, விளிம்பைத் தாண்டியது,
ஒன்றரைக் கரண்டி அடுப்பில் வழிந்தது.
பார்க்க யாரும் இல்லை.
அணைத்தேன்.
சந்தையில் வாங்கிய எலுமிச்சை இரண்டு,
சாறோடு கொஞ்சம் தண்ணீர்,
ஒரு கரண்டி. கலக்கினேன். ஒன்றுமில்லை.
இரண்டாவது. மௌனம்.
மூன்றாவதில் கை நடுங்கியதா என்று கேட்காதீர்கள்,
மூன்றாவதில் பால் இரண்டாகப் பிரிந்தது:
வெள்ளை வெள்ளையாய் மேகம்,
அடியில் இளம்பச்சைத் தண்ணீர்
கண்மாய்க் கரையோரம் தெரிவதுபோல் தெளிவாய்.

சேவுகனின் பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்து
வடிகட்டினேன்.
புளிப்புப் போக ஊற்றுத் தண்ணீர் ஊற்றி அலசினேன்.
நாலு முனையையும் சேர்த்து முறுக்கித் தூக்கியபோது
வெதுவெதுவென்று ஒரு மூட்டை,
உள்ளங்கை இரண்டும் கொள்ளும் அளவு.
குழாயில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பார்கள்.
நான் தொங்கவிடவில்லை.
கை ஆறும்வரை வைத்திருந்தேன்.

பாரத்துக்கு, தரை போட்டதில் மிஞ்சிய ஆத்தங்குடிக் கல்,
பூவும் மூலையுமாய் ஒன்று.
அரைமணி போதும்.
அதற்குமேல் அழுத்தினால் ரப்பர்.

பிரித்தேன்.
வேட்டியின் நெசவு அதன் மேனியெங்கும் பதிந்திருந்தது.
விரல் பட்டதும் உதிர்ந்து, வாயில் வைத்ததும்
பாலாகவே திரும்பியது.
மசாலாவுக்கு என்றுதான் செய்தேன்.
வெங்காயம் வதக்குவதற்குள்
மிளகும் உப்பும் தூவி, நின்றபடியே
பாதியைத் தின்றுவிட்டேன்.
வடிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசைந்தாகிவிட்டது.

மீதியில் ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கீழே போனேன்.
அழகம்மை விளிம்பில் ஒரு பொட்டு கிள்ளி
நாக்கில் வைத்தார். கண் சுருங்கியது.
"நல்லாருக்கே. என்னது உமையாள்?"

"பால்" என்றேன்.

அவர் கொஞ்சம் விழித்தார்.
பிறகு, வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று
கொல்லையில் பறித்த பச்சைமிளகாய்
ஏழெட்டை அதில் போட்டுக் கொடுத்தார்.