பத்துக் கிலோமீட்டர் வட்டம்

முதல் விளம்பரத்துக்கு இருபது வெள்ளி போட்டேன்.
பெஸ்தாரி ஜெயாவின் நடுவே ஊசி குத்தி
பத்துக் கிலோமீட்டருக்கு வட்டம் வரைந்தது ஃபோன்.
உள்ளே விழுந்ததில் முக்கால்வாசி செம்பனை.
செம்பனை கேக் வாங்காது.
மிச்சக் கால்வாசி இந்த ஊரை இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறது.

படம் என்னவோ நல்ல படம்.
ஷா ஆலாமிலிருந்து கேமராக்காரனை வரவழைத்து
வெள்ளைத் துணி விரித்து, ரோஜா இதழ் தூவி எடுத்தது.
'முட்டை சேர்க்காத கேக், உங்கள் இனிய தருணங்களுக்கு'
என்று எழுதினேன்.
இனிய தருணம்!
எங்கள் லயத்தில் யாரும் அப்படிப் பேசி
நான் கேட்டதே இல்லை.

மூன்று நாளில் ஆறாயிரத்து நானூறு பேர் பார்த்தார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு இதயம்.
'விலை?' என்று கேட்டவர்கள் ஒன்பது பேர்.
சொன்னதும் ஒன்பது பேரும்
ஆற்றில் போட்ட கல்.
வாங்கியது ஒருத்தி, என் நாத்தனார் புவனேஸ்வரி.
அவளுக்கும் பாதி விலை.

இதயம் தட்டியவர்கள் யாரென்று போய்ப் பார்த்தேன்.
தோட்ட வேலைக்கு வந்த நேப்பாளத்து, வங்காளத்துப் பையன்கள்.
இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல்
எதையோ தள்ளிக்கொண்டே போன கட்டை விரல்கள்.
ஒரு இதயத்துக்குப் பதினெட்டு காசு, என் காசு.
கொதித்துப்போய் அடுத்த முறை
ஆண்களை எடுத்துவிட்டேன்.
ஒரே தட்டு. பெண்கள் மட்டும், இருபத்தைந்து முதல் ஐம்பத்தைந்து.
பாதி ஊரைக் காணாமல் ஆக்குவதை
இவ்வளவு லேசாகவா வைத்திருக்கிறார்கள்?

பலித்தது வேறு.
ஈஜோக் போகும் வழியில், குழியில் இறங்கிய மைவிக்குள்
மூன்றடுக்குக் கேக் மெதுவாகச் சாய,
தினகரன் ஒரு கையில் ஸ்டியரிங்கும்
ஒரு கையில் சர்க்கரைப் பூவுமாக
"முருகா, அதைப் பிடி, அதைப் பிடி" என்று கத்த,
பின் சீட்டிலிருந்து மகள் எடுத்த பதினோரு வினாடி.
பத்து வெள்ளிதான் போட்டேன்.
ஒரு வாரத்தில் பதினான்கு ஆர்டர்.
"நிமிர்ந்து வருமா அக்கா?" என்று கேட்டுச் சிரித்து
முன்பணம் அனுப்பினார்கள்.

பேராசை.
இருநூறு வெள்ளி கட்டி இன்னொரு கேக்கை
வேண்டுமென்றே சாய்த்தோம்.
எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள்.
'நடிப்பு' என்று ஒரே வார்த்தை எழுதினாள் ஒருத்தி.
அந்த வார்த்தைக்கு மட்டும் முந்நூறு லைக்.

இதற்கெல்லாம் நடுவே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்
கம்பிக் கேட்டுக்கு வெளியே, பூட்ஸில் சேறோடு ஒருவன்.
சம்பள நாள்.
ஃபோனை நீட்டினான்: என் முதல் படம்.
அதே ரோஜா இதழ், அதே வெள்ளைத் துணி.
ஐந்து மாதமாக எடுத்து வைத்திருக்கிறான்.
மகளுக்கு நாலு வயது என்று மலாயில் சொன்னான்,
விரலையும் காட்டினான்.
பெயரை அவர்கள் எழுத்தில் எழுத வேண்டுமாம்.
கொடியில் காயப்போட்ட துணிபோல அந்த எழுத்துகள்
மேல்கோட்டைப் பிடித்துத் தொங்கின.
மூன்று முறை சுரண்டி, நான்காவது முறை வந்தது.
அவள் அங்கே ஊத
இவன் இங்கே மெழுகுவர்த்தியை அணைக்க வேண்டும்,
லைன் கிடைத்தால்.
அறுபத்தைந்து வெள்ளி. பேரம் பேசவில்லை.
மோட்டார் வேண்டாம் என்று
இரண்டு கையிலும் ஏந்தி நடந்தே போனான்,
செம்பனைக்குள் போகும் பாதையில்.
கேக் சாய்ந்ததா, தெரியாது.

இந்த விற்பனை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.
அந்த விளம்பரத்துக்கு ஃபோன் இன்றும்
'பலன்: 1' என்றுதான் காட்டுகிறது.
அது நாத்தனார்.

ராத்திரி அந்தப் பெட்டியைத் திறந்தேன்.
ஆண்கள்.
தட்டினால் திரும்பி வருவார்கள்,
தலைக்குப் பதினெட்டு காசு.
மாவு விலை ஏறியிருக்கிறது. வெண்ணெயும்.
விரலில் இன்னும் நீலச் சாயம் போகவில்லை,
மகள் பெயர் எழுதிய சாயம்.
தட்டாமல், எடுக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.